மண்ணாங்கட்டி எங்கே போனார்?

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்திலே ஒரு காலைப்பொழுதில் நின்றுகொண்டு, "மண்ணாங்கட்டி!" என்று உரக்க ஒருமுறை கூவிப் பாருங்கள். திரும்பிப் பார்ப்பவர் எவரேனும் இருப்பின் அவர் தலை நரைத்திருக்கும், நடை தளர்ந்திருக்கும். "தமிழ்ச்செல்வி!" என்று கூவுங்கள். நாற்பதையும் ஐம்பதையும் கடந்த தாய்மார் இருவர் மூவர் திரும்புவர். "தர்ஷினி!" என்று அழையுங்கள். பள்ளிப்பை சுமந்த சிறுமியர் நாற்புறமிருந்தும் நோக்குவர்.

மூன்று கூவல், மூன்று தலைமுறை! ஏடு புரட்டாமல், கல்வெட்டுத் தேடாமல், நூறாண்டு வரலாற்றை ஒரு பேருந்து நிலையம் நமக்குச் சொல்லிவிடுகிறது.

"பெயரில் என்ன ஐயா இருக்கிறது? காலம் மாறுகிறது, பெயரும் மாறுகிறது" என்று கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தோழர்களே, ஏன் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். மரத்திலிருந்து இலை உதிர்வதற்கே காரணம் உண்டெனில், ஒரு நாட்டு மக்களின் நாவிலிருந்து பெயர்கள் உதிர்வதற்குக் காரணம் இராதா? மண்ணாங்கட்டி எங்கே போனார்? குப்பன் எங்கே? பிச்சை எங்கே? அஞ்சலையும் பாவாயியும் பூங்காவனமும் ஏன் தொட்டிலை விட்டு இறங்கித் திண்ணைக்குப் போயினர்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பெயர் வழக்கொழிவது நேற்று இன்று தோன்றிய நிகழ்ச்சியன்று. தென்பெண்ணையாற்றின் பக்கத்தே, திருக்கோவலூருக்கு அருகில், சம்பை என்றோர் ஊர். அவ்வூர்ப் பாறையில் பொறித்த தமிழி எழுத்துகளை 1981-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சி என்னும் வேந்தன் அளித்த கற்படுக்கையைப் பற்றிய கல்வெட்டு அது. ஔவை பாடிய அதே அஞ்சி! பகைவர் பெயர் கேட்டு நடுங்கிய வீரன். இன்று எந்தத் தாயேனும் தன் மகனை "அஞ்சி" என்று அழைப்பாளா? "யாருக்கு அஞ்சி?" என்று பக்கத்து வீட்டார் நகைப்பர்! சொல் அதுவே, செவி வேறாகிவிட்டது.

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அந்த எழுவரில் பாரியின் பெயரைத் தம் பிள்ளைக்கு இட்டோர் நம்மிடையே உண்டு. காரியின் பெயரை இட்டோர் எத்தனை பேர்? அவன் ஆண்ட மண்ணிலேயே அவன் பெயர் தொட்டிலில் ஒலிக்கக் காணோம்!

இன்னும் பின்னே செல்லலாம். தொல்காப்பியம் ஒரு விதி வகுக்கிறது. ஆதன் என்னும் பெயரோடு தந்தை என்னும் சொல் சேர்ந்தால் "ஆந்தை" ஆகும். பூதன் என்பதோடு சேர்ந்தால் "பூந்தை" ஆகும் என்று. இரு பெயர்களுக்காக இலக்கணத்தில் தனி விதியா என்று வியக்கிறோம். அவ்வளவு ஆதன்களும் பூதன்களும் தெருவெல்லாம் திரிந்திருக்கிறார்கள் என்பதுதானே பொருள்! கீழடியில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளிலும் ஆதன் இருக்கிறான், குவிரன் இருக்கிறான். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக் கூற வேண்டிய போதெல்லாம் சாத்தனையும் கொற்றனையும் அழைத்தனர். இன்று நாம் முருகனையும் கண்ணனையும் அழைப்பதுபோல. அத்தகைய பெயர்களே உதிர்ந்தன. வேந்தன் பெயரும் உதிரும். குயவன் கலத்தில் கீறிய பெயரும் உதிரும். காலத்தின் முன் கல்லும் ஓடும் ஒன்றே.

எனினும், இடைக்காலத்தில் பெயர்கள் எளிதில் உதிராதபடி காத்து நின்ற ஒரு வேலி இருந்தது. அந்த வேலியின் அடையாளம் இன்றும் நம் நாவில் இருக்கிறது. மகனின் மகனை என்னவென்று அழைக்கிறோம்? "பேரன்" என்கிறோம். பேரன் யார்? பெயரன்! பாட்டனின் பெயரைத் தாங்குபவன். பேத்தி யார்? பெயர்த்தி! பாட்டியின் பெயரைச் சுமப்பவள். பிறக்கும் முன்பே பிள்ளைக்குப் பெயர் காத்திருந்தது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் ஏற்றமரத்து வாளிபோல் இறங்கியும் ஏறியும் வந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் புதுமை நாட்டத்துக்கு இடம் ஏது?

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கையும் விளைந்தது. மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பது அன்றைய கட்டு. அதே பெயரை அவள் பெற்ற பிள்ளைக்கே சூட்டிவிட்டால் அவள் எப்படி அழைப்பாள்? "சின்னப்பையா" என்றாள், "அய்யாக்கண்ணு" என்றாள், "சின்னத்தம்பி" என்றாள். பெண்ணாயின் "அம்மாக்கண்ணு" என்றாள். நாளடைவில் செல்லப்பெயரே சொந்தப்பெயராகிப் பட்டாவிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறிற்று. வட்டாரத்து முதியவர் பலரின் பெயர்களுக்குப் பின்னே, வாய்திறந்து ஒரு பெயரைச் சொல்லவும் உரிமையற்றிருந்த ஒரு பெண்ணின் மௌனம் மறைந்திருக்கிறது. அதை அறியாமல் அப்பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறோமே, முறையா?

இனி மண்ணாங்கட்டிக்கு வருவோம்.

பெற்ற பிள்ளைக்கு மண்கட்டி என்று எந்தத் தாயாவது பெயரிடுவாளா? இட்டாள். அன்பின்மையால் அன்று, அச்சத்தால் இட்டாள். முதல் பிள்ளை இறந்தது, இரண்டாவதும் இறந்தது. மூன்றாவது பிறந்ததும் அதைக் குப்பையிலே புரட்டி எடுத்துக் "குப்பன்" என்றாள். தவிட்டுக்கு விற்றுத் தவிட்டுக்கே திரும்ப வாங்கினாள். மூக்கைக் குத்தி "மூக்கன்" என்றாள். மடிப்பிச்சை ஏந்திப் "பிச்சை" என்றாள். இழிந்த பொருளாகக் காட்டினால் எமன் ஏமாந்து போவான் என்று நம்பினாள். பகுத்தறிவுக்கு ஒவ்வாத நம்பிக்கைதான். ஆனால் அது பிறந்த இடம் ஒரு தாயின் வெந்த வயிறு.

எமனை ஏமாற்றியது பெயரா? இல்லை! தடுப்பூசி ஏமாற்றிற்று, மகப்பேற்று நிலையம் ஏமாற்றிற்று, தூய குடிநீர் ஏமாற்றிற்று. 1971-இல் இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. 2020-இல் அந்த எண் 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13 ஆயிற்று. குப்பனையும் பிச்சையையும் வழக்கொழித்த பெரும்பணியில் புதுமை நாட்டத்துக்குச் சிறு பங்கே. பெரும் பங்கு செவிலியருக்கு! ஊசிக்குழல் ஏந்தி மலையேறிய கிராம சுகாதாரச் செவிலியர், தாம் அறியாமலே ஒரு பெயரகராதியைத் திருத்தி எழுதினார்.

ஆனால் எல்லாக் குப்பனும் அச்சத்தால் வைத்த பெயரல்லன். மற்றொரு கதையும் உண்டு. அது கசப்பான கதை. மனுநூலின் இரண்டாம் அத்தியாயம், முப்பத்தோராம் செய்யுள் என்ன விதிக்கிறது? பார்ப்பனன் பெயர் மங்கலம் பொருந்தியதாக, அரசன் பெயர் வலிமை பொருந்தியதாக, வணிகன் பெயர் செல்வம் பொருந்தியதாக, சூத்திரன் பெயர் இழிவு பொருந்தியதாக இருக்க வேண்டுமாம்! வாழ்வில் இழிவைத் திணித்தது போதாதென்று, பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விழிவை அவன் நினைக்க வேண்டும் என்று ஏற்பாடு! ஆண்டையின் பிள்ளைக்கு "ஆர்" விகுதி, பண்ணையாளின் பாட்டனுக்கும் "அன்" விகுதி என்று நாவிலேயே வேலியடைத்திருந்த ஊர்கள் எத்தனை!

பெண்ணுக்கோ இரட்டைச் சுமை. பெண்ணாகவே பிறந்துவிட்டால் "போதும்பொண்ணு" என்றனர். "வேண்டாம்" என்றே பெயரிட்டனர். நம் அண்டை மாவட்டமாம் சேலத்தில்தான், பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். உயிரோடு விட்டவர்களும் பெயரால் கொன்றனர். நமக்கு மட்டும் உரிய இழுக்கன்று இது. மராட்டிய மாநிலத்துச் சாத்தாரா மாவட்டத்தில் "நகுஷா", அதாவது வேண்டாதவள், என்று பெயர் சுமந்த 285 சிறுமியர்க்கு 2011-இல் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். ஒரே நாளில் 285 பழம்பெயர்கள் வழக்கொழிந்தன. அத்தகைய மறைவுக்கு ஒப்பாரி வேண்டா, முரசு கொட்டுவோம்!

கல்வராயன் மலைக்கு ஏறுவோம். பெயர்களின் வரலாறு யாருடைய வரலாறு என்பதை அம்மலை நன்கு உணர்த்தும். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் அம்மலைப் பகுதி இருந்தது. நாடுகளே அவர்கள் பெயரால் வழங்கின. 1947-இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் ஜாகீர் பிடி உடனே தளரவில்லை. 1970-களில்தான் மலைமக்கள் முழுமையாக அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தனர். காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் எனும் மூவரின் வழியினர் தாம் என்று மலையாளிப் பழங்குடியினர் கதை சொல்வர். ஆண்டவர் பெயர் ஏட்டில் நின்றது. வழிமுதல்வர் பெயர் கதையில் நின்றது. கல்லும் முள்ளும் மிதித்துச் சாமை விதைத்தவர், கடுக்காய் பொறுக்கியவர், சுமை தூக்கியவர் பெயர் எங்கே நின்றது? எழுதுவாரில்லை, எனவே எஞ்சவுமில்லை.

அம்மக்களின் குலப்பெயரே குழப்பத்துக்கு இரையாயிற்று. "மலையாளி" என்றால் மலையை ஆள்பவர் என்று அவர்கள் பொருள் கொண்டனர். சமவெளியிலுள்ளவரோ, கேரளத்தாரா என்று கேட்டனர்! பழைய தென்னார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களைப் பெயர் குறித்தே அரசுப் பட்டியலில் அவர்களைப் பழங்குடியினராகச் சேர்க்க வேண்டியிருந்தது. பெயர் என்பது வெறும் ஒலி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஓர் எழுத்துப் பிழை ஒரு மாணவனின் சான்றிதழையே தடுத்து நிறுத்தும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்னும் பதிவுகள் உண்டெனினும், எத்தனையோ சிற்றூர்ப் பிள்ளைகள் பெயரோடு பதிவேட்டைச் சந்தித்தது பள்ளியில் சேர்ந்த நாளில்தான். "பெயர் என்ன?" என்று ஆசிரியர் கேட்பார். "குப்பன்" என்று தந்தை கூனிக் குறுகுவார். நல்லாசிரியராயின், "குமரன் என்று எழுதட்டுமா?" என்பார். ஒரு பேனா முனையில் ஒரு விடுதலை! வேறு சிலர் தம் விருப்பத்துக்கு மாற்றியதும் உண்டு. வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்று இரட்டை வாழ்வு வாழ்ந்த முதியோர் இன்றும் நம்மிடையே உளர்.

இந்த நிலையில்தான் தமிழ்நாட்டில் பெயர்ப்புரட்சி ஒன்று நடந்தது. வேதாசலம் 1916-இல் தனித்தமிழ் வழி நின்று மறைமலை ஆனார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டத்தைப் பெயரின் வாலிலிருந்து அறுத்தெறியச் சொன்னது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். 1932-இல் பெரியார் சோவியத்து நாட்டைக் கண்டு திரும்பியபின், ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் தோழர்தம் இல்லங்களில் குழந்தைகள் தவழ்ந்தன. 1953-இல் சோவியத்துத் தலைவர் மறைந்த நாட்களில் பிறந்த ஒரு குழந்தை ஸ்டாலின் என்று பெயர்பெற்று, 2021-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராயிற்று. வீதியெங்கும் இளங்கோவனும் தமிழ்ச்செல்வியும், மணிமேகலையும் மதியழகனும்! ஈராயிரம் ஆண்டு உறங்கிய பெயர்கள் எழுந்து நடந்தன. குப்பனின் மகன் கோப்பெருஞ்சோழனாக முடியும் என்று காட்டியது அந்தக் காலம்.

ஆனால் தோழர்களே, நேர்மையாகப் பேசுவோம். அப்பெயர்களும் இன்று மூப்படைகின்றன. தமிழ்ச்செல்வி பாட்டியாகிக்கொண்டிருக்கிறார். அவர் பேத்திக்கு அவர் பெயர் இல்லை. "இனத்துரோகம்!" என்று இதைக் கண்டு சினந்தெழுவது எளிது, ஆராய்வதே அறிவு.

உலகெங்கும் இவ்வாறே நடக்கிறது. அமெரிக்க நாட்டில் பெண் குழந்தைகளுக்கு இடும் பெயர்களில் "மேரி" 1946 வரை பல்லாண்டுகள் முதலிடம் வகித்தது. 1947-இல் "லிண்டா" அதைத் தள்ளிற்று. இந்நூற்றாண்டில் மேரி முதல் நூறு பெயர்களிலிருந்தே வெளியேறிற்று. மேரியை யாரும் தடைசெய்யவில்லை, தேவாலயங்கள் மூடப்படவுமில்லை. பிரான்சு நாட்டிலோ 1803-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயர்களையே இடலாம் என்று கட்டளையிட்டது. 1993-இல்தான் பெற்றோர்க்கு முழு உரிமை கிட்டிற்று. ஸ்டான்லி லீபர்சன் என்னும் சமூகவியல் அறிஞர் 2000-இல் வெளியிட்ட நூலில், பெயர் நாட்டம் பெருநிகழ்ச்சிகளால் மட்டும் மாறுவதில்லை, தன்னுள்ளேயே சுழலும் விசையாலும் மாறுகிறது என்று காட்டினார். எல்லோரும் சூடிய மலரைச் சூட எவருக்கும் நாட்டமில்லை. பெற்றோர் தலைமுறையின் பெயர் பழையதாக ஒலிக்கும். பாட்டன் பாட்டிக்கும் முந்தைய பெயரோ மீண்டும் புதிதாக ஒலிக்கும். எனவே தமிழ்ச்செல்வி வழக்கொழிவது அப்பெயரின் தோல்வியன்று. வீட்டுக்கு வீடு பரவியதே அது வென்றதற்குச் சான்று, வென்றதாலேயே விலகுகிறது.

அப்படியானால் நாம் கவலைகொள்ள ஏதுமில்லையா? உண்டு. பெயர் உதிர்வதிலே கவலையில்லை. உதிர்ந்த இடத்தில் முளைப்பது எதனால் முளைக்கிறது என்பதிலேதான் கவலை.

பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். இருபத்தேழு விண்மீன், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 முதலெழுத்துகள். பரணியில் பிறந்த பிள்ளைக்கு லி, லு, லே, லோ என்று தொடங்க வேண்டுமாம். தமிழிலோ லகரம் மொழிக்கு முதலில் வராது! ஆகவே பரணியில் பிறந்த தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப்பெயரே கிடையாது என்பது சோதிடரின் தீர்ப்பு. இந்த ஏற்பாடு தமிழுக்காக வகுத்ததன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அடுத்து எண்கணிதம். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, ஓர் "ஏ" சேர்த்தால் செல்வம், ஓர் "எச்" சேர்த்தால் பதவி என்கிறார்கள். 1866-இல் அயர்லாந்தில் பிறந்த கீரோ என்பவர் பரப்பிய வித்தை இங்கே வெற்றிலைப் பாக்குத் தட்டில் ஏறிவிட்டது. ஒன்று கேட்போம்: அதே குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதினால் அந்தக் கூட்டுத்தொகை எங்கே போயிற்று? விதி ஆங்கிலம் மட்டுமே படித்திருக்கிறதோ?

நிறத்தின் கதையையும் எண்ணிப் பாருங்கள். கருப்பனும் கருப்பாயியும் காரியும் போனதற்கு நாணம் ஒரு காரணமாயின், அந்த நாணமே நோய். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டா. வெள்ளையனும் வெள்ளையம்மாளும் உடன் போயினரே! எல்லாவற்றையும் ஒரே காரணத்தால் அளப்பது ஆராய்ச்சியாகாது.

இதே மாவட்டத்து மண்ணில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில், ஆண்டுதோறும் சித்திரையில் கூடும் மக்களிடமிருந்து ஒரு பாடம் கற்கலாம். ஊர் அவர்களை இழிபெயரால் அழைத்தது. அவர்கள் பெற்றோர் இட்ட பெயரையும் விட்டு, ஊர் இட்ட இழிபெயரையும் விட்டு, தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். 2008-இல் தமிழ்நாடு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. "திருநங்கை" என்னும் சொல் அரசு ஏட்டிலும் மக்கள் நாவிலும் ஏறிற்று. ஒரு பெயர் வழக்கொழிவதும் ஒரு பெயர் வழக்கேறுவதும் மானத்தின் கணக்கு என்பதற்கு வாழும் சான்று அவர்கள்.

ஆகவே இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது இரண்டே.

உங்கள் குழந்தைக்கு எப்பெயரும் இடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அப்பெயரைச் சோதிடன் கையில் கொடுத்துவிடாதீர்கள். பொருள் என்னவென்று குழந்தை ஒருநாள் கேட்கும். "நான் விரும்பி வைத்தேன், இதன் பொருள் இது" என்று விடைசொல்ல முடிந்தால் போதும்.

இரண்டாவது: இந்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு உங்கள் ஊர்த் திண்ணைகளுக்குச் செல்லுங்கள். வெள்ளிமலைக்கும் ஏறுங்கள். முதியோரின் பெயரையும், அவர்தம் பெற்றோர், பாட்டன் பாட்டியர் பெயரையும், ஏன் அப்பெயர் வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அரசர் பெயரைக் கல் காத்தது. ஏழையின் பெயரை நீங்கள்தான் காக்க வேண்டும். மீண்டும் சூட்டுவதற்காக அன்று, மறவாதிருப்பதற்காக.

மண்ணாங்கட்டி என்னும் பெயர் திரும்பிவர வேண்டா. பிள்ளை இறந்துவிடுமோ என்று நடுங்கும் தாயும், இழிவை ஏந்தி நிற்கும் தந்தையும் திரும்பிவர வேண்டா. ஆனால் அப்பெயரைச் சுமந்து, வெயிலில் உழுது, தன் பேரனைக் கல்லூரிக்கு அனுப்பிய பெரியவர் இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னே நின்று, அப்பெயரைச் சொல்லி, அதனோடு "ஐயா" என்று சேர்த்து அழையுங்கள். மனுவின் செய்யுளுக்கு அதுவே மறுப்புரை.